ரூம் இருக்கு, சிஸ்டம்தான் இல்ல

ஹோட்டல் தொழில் என்பது, எந்த அறை காலி என்று நமக்கே தெரியாதபோதும் தெரிந்த மாதிரி சிரிக்கிற தொழில்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிற உறவுக்காரர்களிடம் ஹோட்டலில் வேலை என்று சொன்னால், "அங்க தோசை நல்லாருக்குமா?" என்று கேட்பார்கள். இது சாப்பிடுகிற ஹோட்டல் இல்லை, தூங்குகிற ஹோட்டல். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒன்று, பக்கத்து ஊரான கிள்ளானில் அதைவிடச் சின்னதாக இன்னொன்று. இரண்டுக்கும் முதலாளி திரு. நாச்சியப்பன், எங்களுக்கு அவர் பாஸ். நான் பிரிக்பீல்ட்ஸ் ஹோட்டலின் மேனேஜர் மேகலா. அதாவது ரிசப்ஷனில் ஆள் வராத நாளில் ரிசப்ஷனிஸ்ட், லிஃப்ட் நின்றுபோன நாளில் பெட்டி தூக்குகிற ஆள்.

நீங்கள் ஹோட்டலில் இல்லாமல் இருக்கலாம். கிளினிக், டியூஷன் சென்டர், லோரி கம்பெனி, எங்கே வேண்டுமானாலும் இருங்கள். உங்கள் முதலாளி ஒருநாள் திடீரென்று "நாமளும் நல்ல சிஸ்டமா ஒண்ணு போடணும்" என்று சொல்லிவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தால், நீங்களும் நம்ம கட்சிதான். பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

உள்ளே யாராவது இருக்கீங்களா?

எங்கள் பழைய சிஸ்டம் ரிசப்ஷன் மேசைக்கு அடியில், என் முழங்காலை இடித்துக்கொண்டு இருந்த ஒரு பழுப்பேறிய கம்ப்யூட்டர். அதைப் போட்டுக் கொடுத்தவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோய்விட்டார். போகும்போது பாஸ்வேர்டையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்பது பாஸின் தொழில்நுட்பக் கொள்கை. பள்ளி விடுமுறை ஆரம்பித்த மதியம், லாபி முழுக்கப் பெட்டிகளும் பிள்ளைகளும் நிறைந்திருந்த நேரமாகப் பார்த்து, அது ஒரு தடவை இருமிவிட்டு அணைந்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை.

எந்த அறையில் ஆள் இருக்கிறார்கள் என்பது அதற்கு மட்டும்தான் தெரியும். அதனால் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் பரமேஸ்வரி அக்காவும் நானும் மாடி மாடியாக ஏறிக் கதவைத் தட்டினோம். பதில் வந்தால் ஆள் இருக்கிறது, வராவிட்டால் காலி. இப்படி ஒரு விஞ்ஞான முறையை இந்த நூற்றாண்டில் கண்டுபிடித்தது நாங்கள்தான். ஒரு கதவைத் திறந்தவர் இடுப்பில் துண்டும் தலையில் ஷாம்பு நுரையுமாக நின்றார். "மன்னிக்கணும் சார், நீங்க இந்த ரூம்லதான் தங்கியிருக்கீங்களா?" என்று கேட்டேன். அவர் துண்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"நான் இருக்கேனா இல்லையான்னு என்கிட்டயே கேக்குறீங்களே மேடம், இது ஹோட்டலா, குறி சொல்ற இடமா?"

பொறுப்புப் பங்கீடு

அன்று சாயங்காலமே பாஸ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். புது சாப்ட்வேரை நான்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், தைப்பூசத்துக்கு முன்னால் ஓட வேண்டும் என்றார். பிறகு நிபந்தனைகளை அடுக்கினார். மலிவாக இருக்க வேண்டும், ஆனால் பார்த்தால் மலிவாகத் தெரியக் கூடாது. உலகத்தரமாக இருக்க வேண்டும், ஆனால் பரமேஸ்வரிக்கும் புரிய வேண்டும். இ-இன்வாய்ஸ், ஆன்லைன் புக்கிங், கதவுச் சாவி எல்லாம் தானாக நடக்க வேண்டும், ஆனால் யாரையும் வேலையை விட்டு அனுப்பும்படி ஆகக் கூடாது. ஏனென்றால் அனுப்பினால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும்.

அதுவரைக்கும் என்ன செய்வது என்று கேட்டேன். மஞ்சள் நிற ஒட்டுத்தாள் கட்டு ஒன்றை என் பக்கம் தள்ளினார். மறுநாளிலிருந்து ரிசப்ஷன் சுவரில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு மஞ்சள் தாள். ஏசி காற்று வேகமாக அடித்தால் இரண்டாம் மாடி விருந்தாளிகள் மொத்தமாகக் காலி செய்துவிடுவார்கள்; குனிந்து பொறுக்கி மறுபடி குடியேற்ற வேண்டும். "நான் தேர்ந்தெடுக்கிறது சரியா வரலைன்னா என்ன பாஸ் செய்றது?" என்று கேட்டு வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரியா வந்தா அது நம்ம ஹோட்டல் சிஸ்டம், வரலைன்னா அது உன் சிஸ்டம், மேகலா."

கடல் பார்த்த அறை

முதலில் வந்தது கோட்டு போட்ட ஒரு தம்பி. பிரிக்பீல்ட்ஸ் வெயிலில் கோட்டோடு நடந்து வருகிறவரைப் பார்த்தால், ஒன்று கல்யாண மாப்பிள்ளையாக இருக்க வேண்டும், இல்லை சாப்ட்வேர் விற்கிறவராக இருக்க வேண்டும். அவர் வாயில் சாப்ட்வேர் என்ற சொல்லே வரவில்லை. 'சொல்யூஷன்' என்றார். எங்களிடம் அதற்குத் தோதாக ஒரு 'ப்ராப்ளம்' இருந்ததால் நானும் தலையாட்டினேன். விருந்தாளி கதவைத் திறந்து உள்ளே வருவதை 'கெஸ்ட் ஜர்னி' என்றார். எங்கள் லாபி வாசலிலிருந்து ரிசப்ஷன் வரை இரண்டு எட்டுதான். அதை ஜர்னி என்று சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

திரையில் வந்த மாதிரி ஹோட்டலில் ஒவ்வொரு அறைக்கும் தனி நீச்சல் குளம். சூரிய அஸ்தமனம் தெரியும் பக்கமா, உதயம் தெரியும் பக்கமா என்று விருந்தாளியைக் கேட்க ஒரு பொத்தான் இருந்தது. எங்கள் அறைகளில் ஒரு பக்கம் மோனோரயில் தெரியும், மறுபக்கம் பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி தெரியும். இதைச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வைஃபை போய்விட்டது. திரையில் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்த சூரியன் பாதி வழியில் நின்றது. "இன்டர்நெட் இல்லாதப்போ என்ன தம்பி செய்றது?" என்று கேட்டேன். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"அதுக்கு ஆஃப்லைன் மோட் இருக்கு மேடம், ஆன்லைன்ல போய் ஆன் பண்ணிக்கலாம்."

சாவி ரெண்டு

ஆனாலும் கோட்டு போட்டவர் இலவசமாகச் சில வாரம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். இலவசம் என்றதும் பாஸுக்கு அதன் தரம் பிடித்துப்போயிற்று. அது ஏதோ குளிர் நாட்டில் எழுதின சாப்ட்வேர். மனிதன் என்றால் அவனுக்குக் குடும்பப் பெயர் ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று அது நம்பியது. நம் ஆட்களின் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருக்கிற 'ஏ எல்', 'ஏ பி' நடுவில் வரும் சாய்கோட்டைப் பார்த்தால் சிவப்பாகி, செல்லாத எழுத்து என்று கத்தும். இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்பதைத்தான் அது செல்லாது என்கிறது என்று அதற்கு யார் சொல்வது? சாய்கோட்டை எடுத்துவிட்டு அடித்தால், மகன் பேரை விட்டுவிட்டு அப்பா பேரைப் பிடித்துக்கொள்ளும்.

தைப்பிங்கிலிருந்து ஒருவர் வந்தார். குமரேசன், அப்பா பேர் வீராசாமி. ஓய்வு பெற்றவர், மகளுடைய பட்டமளிப்பு விழாவுக்காக வந்திருந்தார். நான் பெயரை அடித்து முடித்த உடனே அவருடைய கைபேசிக்கு ஆங்கிலத்தில் ஒரு வரவேற்புச் செய்தி போனது: அன்புள்ள திரு. வீராசாமி அவர்களே, தங்கள் வருகைக்காக இத்தனை நாள் காத்திருந்தோம். அவர் அதை இரண்டு தடவை படித்தார். "சாரி அங்கிள், இந்தச் சிஸ்டம் கொஞ்சம் புதுசு, உடனே மாத்திடுறேன்" என்றேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"இருக்கட்டும்மா, எங்கப்பா எஸ்டேட்டை விட்டு வந்து ஒரு நாள்கூட ஹோட்டல்ல தங்கினதில்ல, இப்ப அவர் பேர்ல ஏசி ரூம் போட்டிருக்கீங்க, சாவி ரெண்டா குடுங்க."

நாலாவது மாடி

எங்கள் கட்டடத்தில் நாலாவது மாடி கிடையாது. கட்டினவருக்கு நாலு ராசியில்லாத எண். அதனால் லிஃப்டில் மூன்றுக்கு அப்புறம் மூன்று-ஏ, அதற்கப்புறம் ஐந்து. கோலாலம்பூரில் பாதிக் கட்டடம் இப்படித்தான், யாரும் இதைப் பற்றி யோசிப்பதுகூட இல்லை. குளிர் நாட்டுச் சாப்ட்வேர் மட்டும் யோசித்தது. மாடி என்றால் எண்தான், எழுத்து வரக் கூடாது என்றது. கோட்டு போட்டவருக்குப் போன் செய்தேன். "சிம்பிள் மேடம், நாலுன்னு போட்டுடுங்க" என்று ஆலோசனை கொடுத்தார். போட்டேன்.

அன்று மதியம் ஈப்போவிலிருந்து வந்த ஓர் ஆன்டியின் சாவி உறையில் நாலாம் மாடி அறை எண் அச்சாகி வந்தது. அவர் பெட்டியை இழுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினார். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தார். மறுபடி படிக்கட்டு வழியாக ஏறினார், மறுபடி இறங்கி வந்தார். நான் போனில் இன்னொருவரிடம் சிக்கியிருந்ததால் கவனிக்கவில்லை. கடைசியில் பெட்டியை என் மேசை மேலேயே தூக்கி வைத்தார்.

"லிஃப்ட்ல நாலு இல்ல, படியில நாலு இல்ல, ஒங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தான் நாலு இருக்கு, நான் அதுக்குள்ளயே போய்ப் படுத்துக்கட்டுமா?"

வார்டு: டீலக்ஸ் டுவின்

கோட்டு போட்டவரைத் திருப்பி அனுப்பியதும் பாஸ் உற்சாகமாகிவிட்டார். அவருடைய அக்கா மகன் தினேஷ் ரவாங்கில் ஒரு கிளினிக்குக்குச் சாப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தானாம். "கிளினிக்லயும் ஆள் வருது, படுக்குது, போகுது. ஹோட்டல்லயும் ஆள் வருது, படுக்குது, போகுது. என்ன வித்தியாசம்?" என்றார். தினேஷ் வார இறுதியில் வந்து போட்டுக் கொடுத்தான். நோயாளி என்ற இடத்தையெல்லாம் விருந்தாளி என்று மாற்றிவிட்டதாகச் சொன்னான். எல்லா இடத்திலும் மாற்றவில்லை என்பது திங்கட்கிழமை தெரிந்தது. விருந்தாளியை 'அட்மிட்' செய்ய வேண்டும். அறை என்பது 'வார்டு: டீலக்ஸ் டுவின்'. காலி செய்வது 'டிஸ்சார்ஜ்'. என்ன கம்ப்ளெய்ன்ட் என்று ஒரு கட்டம். அதை நிரப்பாமல் சாவி வராது. பாஸிடம் காட்டினேன். "நம்ம கெஸ்டுக்குக் கம்ப்ளெய்ன்ட் இல்லாமலா இருக்கு? எழுது" என்றார். சொந்தக்காரப் பையன் எழுதின சாப்ட்வேரில் தப்பு கண்டுபிடிக்கிற ஆள் நீண்ட நாள் வேலையில் இருந்ததில்லை என்பதால் நானும் எழுதினேன். எல்லாருக்கும் 'அசதி' என்று.

அதை ஒழித்துக் கட்டியது நான் இல்லை, பாஸின் கல்லூரி நண்பர். பெரிய பிசினஸ்காரர், டத்தோ பட்டம் உள்ளவர். வீட்டில் யாருக்கும் சொல்லாமல் இரண்டு நாள் தங்கினார், பக்கத்தில் ஏதோ வேலை என்றார். கிளம்பும்போது பாஸே லாபிக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். பிரிண்டரிலிருந்து ரசீது வந்தது. அடியில் கொட்டை எழுத்தில், விரைவில் குணமடைய வாழ்த்துகிறோம், மருந்தைத் தவறாமல் சாப்பிடவும், என்று இருந்தது. டத்தோ அதைப் படித்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. பாஸைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், என் காதில் விழுகிற அளவுக்கு ரகசியமாகக் கேட்டார்.

"நாச்சி, நான் ஹார்ட் செக்கப்புக்கு வந்தது என் பெண்டாட்டிக்கே தெரியாது, ஒன் கம்ப்யூட்டருக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

கிள்ளானில் கேட்டது

மூன்றாவதாக ஒரு சின்னக் கம்பெனியின் பெயர் கிடைத்தது. சாலாக் செலாத்தானில், ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஆபீஸ். கோட்டு இல்லை, பளபளப்பான புத்தகம் இல்லை. "இதெல்லாம் ஒரு கம்பெனியா?" என்றார் பாஸ். கிள்ளானில் வேறொரு முதலாளியின் ஹோட்டல் அதைத்தான் பயன்படுத்துகிறது என்று கேள்விப்பட்டு, நானே கொமுட்டர் ரயில் ஏறிப் போய்ப் பார்த்தேன்.

ரிசப்ஷனில் இருந்த பெண் உற்சாகமாகக் காட்டினாள். மூன்று-ஏ மாடி இருந்தது, அப்பா பேரும் பிள்ளை பேரும் அவரவர் இடத்தில் இருந்தன. ஆனால் அவளுக்குப் பின்னால் ஒரு பெரிய வெள்ளைப் பலகை, ஒவ்வோர் அறைக்கும் ஒரு காந்த வில்லை. "இது எதுக்கு?" என்றேன். "அது கரன்ட் போனா" என்றாள். "இது எப்பவாவது தகராறு பண்ணுமா?" என்றேன். எல்லாமே தகராறு பண்ணும் என்பதுபோல் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"எதை வேணா வாங்குங்கக்கா, ஞாயித்துக்கிழமை காலைல போன் அடிச்சா யாரு எடுக்கறாங்கன்னு மட்டும் பாத்துட்டு வாங்குங்க."

ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை

அடுத்த ஞாயிறு காலை, காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பேருக்கும் போன் செய்தேன். கோட்டு போட்டவரின் கம்பெனியில் ஒரு பியானோ வாசித்தது. நடுநடுவே ஒரு பெண் குரல், என் திருப்தி அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று உருகியது. வலைத்தளத்தில் கேட்கலாம் என்று போனால், நான் ரோபோ இல்லை என்று நிரூபிக்கச் சொன்னது. நிரூபித்தேன். உடனே ஒரு ரோபோ வந்து பேசியது. பாஸ் இன்னும் ஆசையை விடவில்லையே என்று தினேஷுக்கும் அடித்தேன். அவன் எடுக்கவில்லை, பூப்பந்து மட்டையோடு ஒரு படமும், கட்டைவிரல் ஒன்றும் அனுப்பினான்.

சாலாக் செலாத்தான் நம்பரில் இரண்டாவது மணியிலேயே ஒரு சீனப் பெண் எடுத்தாள். பின்னால் எண்ணெயில் ஏதோ பொரிகிற சத்தம். நான் மலாயில் ஆரம்பித்தேன், என் மலாயைக் கேட்டுவிட்டு அவளே தமிழுக்கு மாறினாள். அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள். பெயர் சூ லிங், அந்தக் கம்பெனியில் பாதி அவள்தான். "எந்த ரூம் மாட்டிக்கிச்சி, சொல்லு" என்றாள். எதுவும் மாட்டவில்லை, நான் இன்னும் உங்கள் கஸ்டமரே இல்லை, யார் போன் எடுக்கிறார்கள் என்று பார்க்கத்தான் அடித்தேன் என்று உண்மையைச் சொன்னேன். பொரிகிற சத்தம் நின்றது.

"மொதல்ல கஸ்டமர் ஆகு அக்கா, அப்புறம் ஞாயித்துக்கிழமை தொல்லை குடு லா."

அழுக்கு

வாங்கினோம். சூ லிங்கே வந்து எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தாள். ஹவுஸ்கீப்பிங்குக்குக் கைபேசியில் ஒரு செயலி. விருந்தாளி காலி செய்ததும் அந்த அறை தானாகச் சிவப்பாகி 'டர்ட்டி' என்று காட்டும். சுத்தம் செய்து அமுக்கினால் பச்சையாகும். பரமேஸ்வரி அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார். அவருடைய மாடி முழுக்கச் சிவப்பு, அறைக்கு அறை 'டர்ட்டி'. அவர் முகமும் அதே நிறத்துக்கு வந்தது. அது பொதுவான சொல்தான், உங்களைச் சொல்லவில்லை என்று சூ லிங் எவ்வளவோ சமாதானம் சொன்னாள். அக்கா கேட்கவில்லை.

"காலைல நான் கூட்டித் தொடைச்ச ரூமை அழுக்குன்னு சொல்லுதே, இதை எழுதினவங்க வீட்டுக்கு ஒருநாள் நான் போய்ப் பாக்கணும்."

பூசத்துக்கு முந்தின நாள்

குளுவாங்கிலிருந்து ஒரு காவடிக் குழு வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு எங்களிடம்தான் தங்கும். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னாலிருந்தே அப்படித்தான். தலைவர் ராஜேந்திரன் அண்ணே போன் செய்து, "வழக்கம்போலம்மா" என்பார். நான் மூன்று-ஏ மாடி முழுவதையும் அவர்கள் பேரில் போட்டுவிடுவேன். இந்த வருஷமும் போட்டேன். பூசத்துக்கு முந்தின நாள் காலையில் அவர்களுடைய பஸ் வாசலில் வந்து நின்றது. பால் குடங்கள், காவடிச் சட்டங்கள், மயில் இறகுக் கட்டுகள், பிள்ளைகள், வயதான அம்மாக்கள் எல்லாரும் லாபிக்குள் இறங்கினார்கள். நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். மூன்று-ஏ மாடி முழுக்க வெளிநாட்டுப் பெயர்கள். முந்தின நாளே அவர்கள் ஆன்லைனில் எடுத்து, இன்னொரு ஷிப்டில் சாவி வாங்கி, மேலே தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குக் கோலாலம்பூரில் வேறெங்கும் அறை கிடையாது. பாஸ் வந்தார், பார்த்தார், அத்தனை பேர் முன்னாலும் சத்தமாக, "உன் சிஸ்டம் செஞ்ச வேலையைப் பாத்தியா? பூசம் முடியட்டும், ஒன்னைப் பத்திப் பேசுவோம்" என்றார். பேசுவோம் என்றால் என்ன அர்த்தம் என்று வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும்.

சூ லிங்குக்குப் போன் செய்தேன். அவள் ஒரு நிமிஷம் தேடிவிட்டுச் சொன்னாள். கார்டு நம்பர் இல்லாத புக்கிங்கையெல்லாம் விடுவித்து அதிக விலைக்கு விற்கலாமா, வருமானத்தைக் கூட்டலாமா என்று சிஸ்டம் கேட்டிருக்கிறது. யாரோ 'ஆமாம்' என்று அமுக்கியிருக்கிறார்கள். யாருடைய கைபேசியிலிருந்து என்பதும் அதில் இருந்தது. நான் பாஸை ஓரமாகக் கூப்பிட்டு, திரையை அவர் பக்கம் திருப்பினேன். வருமானத்தைக் கூட்டவா என்று கேட்டால் இல்லை என்று அமுக்குகிற முதலாளியை நானும் பார்த்ததில்லை, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் கழுத்தைச் சொறிந்தார். "பாஸ், மேல் மாடியில தினேஷ் குடும்பத்துக்கும் உங்க சொந்தக்காரங்களுக்கும் ரூம் வச்சிருக்கோம். அவங்க நம்ம கிள்ளான் ஹோட்டலுக்குப் போகட்டும். அதைப் பிள்ளைங்களுக்கும் அம்மாக்களுக்கும் குடுத்துடுறேன். ஆம்பளைங்களுக்குக் கீழ் ஹாலைத் திறந்து விடுறேன்" என்றேன். கேட்கவில்லை, சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தன் அக்காவுக்குப் போன் செய்ய வெளியே போனார்.

ராஜேந்திரன் அண்ணேயிடம் போய் நின்றேன். விரதத்தில் மெலிந்து, தாடியோடு, மஞ்சள் வேட்டியில் இருந்தார். "அண்ணே, கட்டில் இல்ல. ஹால்ல பாய்தான் போட முடியும். மன்னிச்சிடுங்க" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. பரமேஸ்வரி அக்கா ஏற்கெனவே ஹாலைக் கூட்ட ஆரம்பித்திருந்தார். அண்ணே தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் ஒருமாதிரி சிரித்தார்கள்.

"விரதத்துல கட்டில்ல படுக்கக் கூடாதும்மா, இத்தனை வருஷமா ஒங்க மெத்தையைத் தூக்கிச் சுவத்துல சாச்சிட்டுத் தரையிலதான் படுத்தோம், ஒங்க மனசு நோகுமேன்னு சொல்லல."

வாழ்த்து மடல்

பூசம் முடிந்தது. என்னைப் பற்றிப் பேச வேண்டியதை பாஸ் பேசவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கல்யாண விருந்தில் மற்ற ஹோட்டல் முதலாளிகளிடம், எத்தனையோ சாப்ட்வேரை அலசி ஆராய்ந்து தானே இதைத் தேர்ந்தெடுத்ததாகப் பேசியிருக்கிறார். எனக்கு மகிழ்ச்சிதான், உன் சிஸ்டம் நம்ம சிஸ்டம் ஆகிவிட்டதே. சிப்பந்திகளும் பழகிவிட்டார்கள். பரமேஸ்வரி அக்காகூட அழுக்கை மன்னித்துவிட்டார். மஞ்சள் தாள்களைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, சுவருக்குப் பெயின்ட் அடித்தோம்.

பெயின்ட் காய்வதற்குள் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனி சூ லிங்கின் கம்பெனியை வாங்கிவிட்டதாம். தங்களுக்கு எந்த மாற்றமும் இருக்காது என்று தடித்த எழுத்தில் உறுதி கொடுத்திருந்தார்கள். அதைப் படித்ததும் எல்லாம் மாறப்போகிறது என்று புரிந்துகொண்டேன். அடுத்த வாரம் நிறம் மாறியது, பொத்தான்கள் இடம் மாறின. விவரம் கேட்க ஒரு சிரித்த முகம் திரையின் மூலையில் வந்து உட்கார்ந்து, வணக்கம், நான் உங்கள் உதவியாளர் என்றது. எது கேட்டாலும் கேள்வியைத் திருப்பி என்னிடமே கேட்டது. சூ லிங் நேரில் வந்தாள். மூலைக் கடையில் தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன். கம்பெனியை விற்கலாம் என்று முடிவு செய்தது அவளுடைய தொழில் கூட்டாளி. அவளுக்கும் கடைசியில்தான் தெரிந்திருக்கிறது. இப்போது அவளும் அங்கே ஒரு சாதாரணச் சிப்பந்தி. நான் அவளைத் தேற்றலாம் என்று போனேன், அவள் என்னைத் தேற்ற வந்திருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே டீயை ஆறவிட்டோம்.

"அக்கா, நீயாவது பரவால்ல, இப்ப எனக்கு ஒரு டவுட்னா நானே அந்தச் சிரிக்கிற மூஞ்சிகிட்டதான் கேக்கணும் லா."

ஹோட்டலுக்குச் சாப்ட்வேர் தேர்ந்தெடுத்ததில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: விருந்தாளி எவ்வளவு தொல்லை கொடுத்தாலும் சொன்ன தேதியில் காலி செய்துவிடுவார், சாப்ட்வேரோ நாம் அதை நேசிக்க ஆரம்பிக்கும் வரை பொறுமையாகத் தங்கியிருந்துவிட்டு, அதற்கப்புறம்தான் காலி செய்யும்.